பி.ஆர்க் படித்துவிட்டுக் கிரேக்கக் கட்டடத் தொல்லியலுக்குப் போக முடியுமா?

கேள்வி இதுதான்: பி.ஆர்க் நான்காம் ஆண்டு படிப்பவர் ஒருவருக்குப் பண்டைய கிரேக்கக் கோயில்களை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ள ஆசை. எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு, உள்ளே போனால் அன்றாடம் என்ன வேலை, கடைசியில் சம்பளம் வருமா என்று கேட்கிறார்.

போகலாம். பி.ஆர்க் இதற்குத் தடையே இல்லை. ஒலிம்பியாவிலும் ட்ராயிலும் வேலை பார்த்த வில்ஹெல்ம் டோர்ப்ஃபெல்ட் கட்டடக்கலைஞர். ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் புனரமைப்பின் முதுகெலும்பாக இருந்த மனோலிஸ் கோரஸும் கட்டடக்கலைஞர்தான். ஆனால் படிப்பு, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் முன்னால் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். அது பிடிக்காதவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் மூன்றாம் ஆண்டில் விட்டுவிடுவார்.

நின்றுகொண்டிருக்கும் கிரேக்கக் கோயில்கள் கொஞ்சம்தான். பெரும்பாலான இடங்களில் அடித்தளமும், சுற்றிலும் புல்லுக்குள் சிதறிக் கிடக்கும் சில நூறு கற்களும்தான் மிச்சம். பாதிக் கற்களைப் பிற்காலத்தார் எடுத்துப் போய்த் தேவாலயத்திலோ கோட்டைச் சுவரிலோ வைத்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கற்களை ஒவ்வொன்றாக அளந்து, வரைந்து, கட்டடத்தில் எது எங்கே இருந்தது என்று ஆதாரத்தோடு சொல்வதுதான் உங்கள் வேலை. காகிதத்தில் கோயிலை எழுப்பிக் காட்டும் அந்த அழகான படம் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் கல் பட்டியல்தான்.

ஒரு சுவர்க் கல்லை எப்படிப் படிக்கிறார்கள் என்று பாருங்கள். முகப்பைவிட மேல்படுகைதான், அதாவது அடுத்த வரிசைக் கல் உட்காரும் மேற்பரப்புதான், அதிகம் பேசும். அதில் ஓரத்தில் இரும்புக் கவ்விக்கான வெட்டு இருக்கும். பக்கத்துக் கல்லோடு சேர்த்துக் கட்ட. நடுவில் எங்கோ ஒரு செவ்வகக் குழி இருக்கும். மேலே வந்த கல்லைப் பிடித்து நிறுத்தும் முளைக்காக. அதை ஒட்டி இன்னொரு சின்னக் குழி, ஒரு பக்கம் சரிவாக. அது கடப்பாரைக் குழி. மேல் வரிசைக் கல்லை ஏற்றி வைத்தபின், அந்தக் குழியில் கடப்பாரையை ஊன்றி, ஏற்கனவே வைத்த கல்லோடு நெருங்கும்படி தள்ளியிருக்கிறார்கள். ஆகவே கடப்பாரைக் குழி இருக்கும் இடத்தில்தான் மேல் கல் முடிந்திருக்கிறது. கல்லைத் தள்ளிய திசையும் தெரிந்துவிடுகிறது. ஒரே வரிசையில் அடுத்தடுத்த குழிகளுக்கு இடையிலான தூரம், காணாமல் போன மேல் கல்லின் நீளம். கல்லே இல்லாமல் அதன் அளவைச் சொல்லிவிட முடிகிறது! வரிசையின் கடைசிக் கல்லுக்கு மட்டும் தள்ள இடம் இருக்காது, மேலிருந்து இறக்கியிருப்பார்கள். அதனால் அந்த இடத்தில் தடயங்கள் மாறும். எந்த இடத்தில் வரிசையை மூடினார்கள் என்பதும் இப்படித்தான் தெரிகிறது.

கவ்வியின் வடிவம் காலத்தைப் பற்றி ஒரு துப்பு தரும். புறாவால் வடிவ வெட்டு பெரும்பாலும் கி.மு. 6ஆம் நூற்றாண்டு. இரட்டை டி வடிவம் 5ஆம் நூற்றாண்டில் பரவலாக வருகிறது, பார்த்தினனில் அதுதான். இரண்டு முனையும் கீழ்நோக்கி மடங்கிய கொக்கிக் கவ்வி 4ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் அதிகம். இதை மட்டும் வைத்துக் காலம் குறிக்காதீர்கள். ஊருக்கு ஊர் பழக்கம் மாறும், பழுது பார்த்த கல்லில் பிற்காலக் கவ்வி இருக்கும். தூண் தலைப்பின் வளைவு, உளி வேலை, அடித்தளக் குழியில் கிடைத்த பானையோடு இவையெல்லாம் ஒன்றாகப் பேசும்போதுதான் தேதி நிற்கும். அந்த வளைவுகளை ஒழுங்காக அளந்து ஒப்பிடும் முறைக்கு வலுவான அடித்தளம் போட்டவர் லூசி ஷூ. ஊர் ஊராகப் போய் எடுத்த விளிம்பு வளைவுகளின் படங்களை 1936இல் வெளியிட்டார். இன்றும் ஒப்பிட அதைத்தான் புரட்டுகிறார்கள்.

தூண் துண்டு கிடைத்தால் விட்டம்தான் முதல் கேள்வி. முழு வட்டம் அபூர்வம். பெரும்பாலும் இரண்டு மூன்று நெடுக்குப் பள்ளங்களோடு உடைந்த சில்லுதான் இருக்கும். கிரேக்கக் கட்டடப் பாணிகளில் ஒன்றான டோரிக்கின் தூணில் வழக்கமாக 20 பள்ளங்கள், ஆகவே ஒவ்வொன்றும் 18 பாகை. பள்ளத்தின் இரு விளிம்புக்கும் இடையே நேர்கோட்டில் அளந்து 6.39ஆல் பெருக்கினால் விட்டம். 29.8 செ.மீ. இருந்தால் சுமார் 1.905 மீட்டர், அது பார்த்தினன் தூணின் அடி விட்டம். ஆனால் விளிம்பு தேய்ந்திருந்து அரை செ.மீ. தவறினால் விட்டத்தில் 3 செ.மீ.க்கு மேல் தவறும். மூன்று பள்ளங்களைச் சேர்த்து அளந்தால் பெருக்கு எண் 2.2 ஆகிவிடும், அதே அரை செ.மீ. தவறு ஒரு செ.மீ. அளவில் அடங்கும். அதனால் எவ்வளவு அகலமாக அளக்க முடியுமோ அவ்வளவு அகலமாக அளக்க வேண்டும். பள்ளம் 20தானா என்றும் சந்தேகப்பட வேண்டும், 16 உள்ள பழைய தூண்களும் உண்டு. இன்னொரு பாணியான அயோனிக்கின் தூணில் வழக்கமாக 24, நடுவில் தட்டையான பட்டையும் இருக்கும். அதற்குக் கணக்கே வேறு.

டோரிக் கோயிலின் மூலைச் சிக்கலைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் துறையில் ஒரு கட்டுரைகூடப் படிக்க முடியாது. தூண்களுக்கு மேலே ஆர்க்கிட்ரேவ் என்ற உத்தரக்கல், அதற்கு மேலே மூன்று கோடு வெட்டிய ட்ரைகிளிஃப்பும் மெட்டோப் பலகையும் மாறி மாறி வரும். ஒவ்வொரு தூணின் மையத்துக்கு நேர்மேலே ஒரு ட்ரைகிளிஃப் இருக்க வேண்டும், கட்டடத்தின் மூலையிலும் ட்ரைகிளிஃப்தான் முடிய வேண்டும். உத்தரக்கல்லின் தடிமன் ட்ரைகிளிஃப் அகலத்தைவிட அதிகமாக இருப்பதால் மூலைத் தூணில் இரண்டு விதியும் ஒன்றாக நிற்காது. மூலைத் தூணை உள்ளே தள்ளி வைத்தார்கள். எவ்வளவு தள்ள வேண்டும்? தடிமனிலிருந்து ட்ரைகிளிஃப் அகலத்தைக் கழித்து, பாதியாக்க வேண்டும். பார்த்தினனில் தடிமன் சுமார் 1.77 மீ., ட்ரைகிளிஃப் சுமார் 0.845 மீ., ஆகவே 46 செ.மீ. போதும். ஆனால் உண்மையில் தள்ளியது சுமார் 60 செ.மீ. இந்தக் கூடுதலுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்கள் பல. சிசிலியில் பல கோயில்களில் தூணைத் தள்ளாமல் மூலை மெட்டோப்பை அகலப்படுத்திச் சமாளித்திருக்கிறார்கள். ஒரே சிக்கலுக்கு யார் எப்படித் தீர்வு கண்டார்கள் என்று பார்த்தால் அந்தக் கட்டடம் எந்த மரபில் வந்தது என்று பிடிபடும்.

அளவுகள் எவ்வளவு நுட்பமாக வேண்டும் என்பதற்கும் பார்த்தினன்தான் எடுத்துக்காட்டு. தூண்கள் நிற்கும் தளம் 30.88 மீட்டருக்கு 69.50 மீட்டர். அது தட்டையாக இல்லை. குறுகிய பக்கத்தில் நடுவே சுமார் 6 செ.மீ., நீண்ட பக்கத்தில் சுமார் 11 செ.மீ. மேலெழும்பியிருக்கிறது. ஃபிரான்சிஸ் பென்ரோஸ் 1846-47இல் அதைத் துல்லியமாக அளந்து 1851இல் வெளியிட்டார். 70 மீட்டரில் 11 செ.மீ. என்பது சாதாரண டேப்பைத் துண்டு துண்டாக வைத்து அளப்பவர் கண்ணில் படவே படாது. அதனால்தான் முதல் விதி: எல்லா அளவும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தொடர் அளவாக வர வேண்டும். கல்லுக்குக் கல் தனித்தனியாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு மூட்டிலும் 2 மி.மீ. பிழை சேர்ந்து 50 கல்லில் 10 செ.மீ. ஆகிவிடும்.

கல் ஒவ்வொன்றையும் 1:10 அளவில், தேவையான எல்லா முகங்களையும் வெட்டுத்தோற்றத்தோடு வரைவது வழக்கம், தளப்படம் 1:50. கையில் டேப், காலிப்பர், மட்டக்கோல், தூக்குக்குண்டு, விளிம்பு வளைவை எடுக்கும் காண்டூர் கேஜ், பாலியெஸ்டர் ஃபிலிம், 4எச் பென்சில். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியும், புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி எடுக்கும் ஃபோட்டோகிராமெட்ரியும் இப்போது எங்கும் வந்துவிட்டன. அவை வேகம் தருகின்றன, ஆனால் கையால் வரைவதை விட்டுவிடாதீர்கள். முப்பரிமாண மாதிரியில் பாசி படிந்த கவ்வி வெட்டும், மூட்டு முகத்தில் ஓரம் மட்டும் வழுவழுப்பாகவும் நடுப்பகுதி சொரசொரப்பாகவும் இருக்கும் வித்தியாசமும் எளிதில் தப்பிவிடும். மாலைச் சாய்வெயிலில் கல்லருகே உட்கார்ந்து வரைபவருக்கு அவை தென்படும். மேஸ்திரி கோடு கிழித்து வைத்த இடமும் அந்த நேரத்தில்தான் தெரியும்.

கல்லோடு எழுத்தும் பேசும், அதனால்தான் கிரேக்க மொழி வேண்டும். பிரேயஸ் துறைமுகத்தில் ஃபிலோன் கட்டிய கப்பல் தளவாடக் கிடங்கின் ஒப்பந்த விவரம் ஒரு கல்வெட்டில் இருக்கிறது: 400 அடி நீளம், 55 அடி அகலம், சுவர் எவ்வளவு, உத்தரம் எவ்வளவு என்று வரிவரியாக. அது 1882இல் கிடைத்தது. கட்டடம் இல்லாமலேயே ஆய்வாளர்கள் அதைத் தாளில் கட்டி முடித்தார்கள். சுமார் நூறு ஆண்டு கழித்து, 1980களின் இறுதியில், பிரேயஸ் தெருவுக்கு அடியில் அந்தக் கிடங்கின் எச்சமே தோண்டலில் வெளிப்பட்டது. அகலம் கல்வெட்டோடு பொருந்தியது. ஏதென்ஸின் எரெக்தியான் கோயில் கணக்குக் கல்வெட்டுகளில் எந்தக் கல் ஏற்றப்பட்டது, எது பாதி செதுக்கிக் கிடக்கிறது, யாருக்கு எவ்வளவு கூலி என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. மொழி தெரியாதவர் இவற்றுக்கு மொழிபெயர்ப்பை நம்பியிருக்க வேண்டும். கட்டடச் சொற்களில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

இடம் மாறிய கோயில்களும் உண்டு. ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவில் இருந்த, போர்க்கடவுள் ஏரிஸின் கோயில் கற்களில் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு, ஆனால் மேஸ்திரிகள் போட்ட எழுத்துக் குறிகள் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தவை. பிரித்தெடுத்து, எண்ணிட்டு, கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அந்தக் கோயில் முதலில் நின்ற இடம் என்று கருதப்படும் அடித்தளம் 1990களில் ஏதென்ஸுக்கு வெளியே பலேனியில் கண்டறியப்பட்டது. இன்றைய துருக்கியில் உள்ள டிடிமா அப்பொல்லோ கோயில் சுவரில் 1979இல் லோத்தார் ஹாசல்பெர்கர் கண்ட கீறல் கோடுகள் இன்னும் வியப்பானவை. தூணின் மெல்லிய வயிற்றுப் புடைப்பை வரைய, அகலத்தை முழு அளவிலும் உயரத்தை 16இல் ஒரு பங்காகவும் சுருக்கிச் சுவரிலேயே கீறியிருக்கிறார்கள். ஓர் அடி உயரத்துக்கு ஒரு விரல் அளவு. நூற்றாண்டுக்கணக்கில் எத்தனையோ பேர் கடந்துபோன சுவர் அது. சரியான வெளிச்சமும் பொறுமையும் உள்ள கண் வேண்டியிருந்தது.

புதியவர்கள் அதிகம் விழும் குழி ஒன்று உண்டு: அடி அளவு. ஒரு கோயில் எந்த அடியில் வடிவமைக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க எல்லோருக்கும் ஆசை. 29.4 முதல் 29.6 செ.மீ. வரை ஓர் அடி, 32.6 முதல் 32.8 வரை இன்னொன்று, 35 செ.மீ.யை ஒட்டி மற்றொன்று என்று வைத்துக்கொண்டு, காலும் அரையும் அனுமதித்தால் எந்த எண்ணும் எதிலாவது வகுபடும். தேய்ந்த கற்களின் சராசரியை எடுத்து, முடிவுக்கு ஏற்ற அடியைத் தேர்ந்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். ஒவ்வொரு அளவுக்கும் பிழை எல்லையைக் குறியுங்கள். வகுபடாத அளவுகளையும் மறைக்காமல் பட்டியலில் போடுங்கள். ஆய்வேட்டுத் தேர்வில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

தவறான புனரமைப்புக்கு என்ன விலை என்பதைப் பார்த்தினன் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்று காட்டுகிறது. பண்டைய கல்தச்சர்கள் இரும்புக் கவ்வியைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றினார்கள்; ஈரம் இரும்பைத் தொடாது, நிலம் அதிர்ந்தாலும் ஈயம் வளைந்து கொடுக்கும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் நிகோலாஸ் பலனோஸ் நடத்திய பணியில் ஈயம் இல்லாமல் இரும்பைப் பதித்தார்கள். இரும்பு துருவேறிப் பருத்து சலவைக்கல்லைப் பிளந்தது. பல கற்கள் தங்கள் சொந்த இடத்தை விட்டு வேறெங்கோ வைக்கப்பட்டிருந்தன. 1975இல் அமைந்த குழு அவற்றையெல்லாம் கழற்றி, டைட்டானியம் பொருத்தி, ஒவ்வொரு கல்லுக்கும் பழைய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. மேலே சொன்ன கவ்வி வெட்டும் முளைக்குழியும்தான் அங்கே வழிகாட்டின.

இனி படிப்பு. இரண்டு வாசல்கள் இருக்கின்றன. எது என்று சீக்கிரம் முடிவெடுங்கள்.

கட்டடக்கலைஞருக்கு இயல்பான வாசல் ஜெர்மனி. அங்கே கட்டடத்தை அளந்து ஆராய்வது கட்டடக்கலைத் துறைக்குள்ளேயே தனி மரபு. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பாம்பெர்க்கிலும் வரலாற்றுக் கட்டட ஆய்வு, மரபுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு முதுகலைப் படிப்புகள் நடந்து வருகின்றன. முதுகலை 2 ஆண்டு, முனைவர் பட்டம் 3 முதல் 5 ஆண்டு. பல மாநிலங்களில் கல்விக் கட்டணம் மிகக் குறைவு, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடப்பவை. உயர்நிலைத் தேர்ச்சியான சி1 வரை தேறாமல் போகாதீர்கள்.

அமெரிக்க வாசல் வேறு. சின்சினாட்டி, மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்பு 6 முதல் 8 ஆண்டு, கட்டணமும் வாழ்க்கைச் செலவும் உதவித்தொகையில் அடங்கும். ஆனால் உள்ளே நுழையவே பண்டைய கிரேக்கமும் லத்தீனும் எதிர்பார்ப்பார்கள். பி.ஆர்க் முடித்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பட்டம் முடித்தவர்கள் மொழிகளைப் பிடித்துக்கொள்ள, பென்சில்வேனியா உட்படச் சில இடங்களில் தனிப் படிப்புகள் இருக்கின்றன. பிரிட்டனில் ஓராண்டு முதுகலை, பிறகு 3 அல்லது 4 ஆண்டு முனைவர் பட்டம். காலம் குறைவு, ஆனால் வெளிநாட்டு மாணவருக்குப் பணம் கிடைப்பது கடினம்.

மொழிகளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பண்டைய கிரேக்கத்துக்கு 2 அல்லது 3 ஆண்டு வேண்டும். ஒலிம்பியா அறிக்கைகள் ஜெர்மனில், டெல்ஃபியும் டீலோஸும் பிரெஞ்சில், சிசிலி பெரும்பாலும் இத்தாலியனில் இருக்கின்றன. களத்தில் காவலரோடும் கிரேன் ஓட்டுநரோடும் பேச நவீன கிரேக்கம் வேண்டும். ஐந்தையும் சரளமாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒரு கல் பட்டியலை அகராதியோடு படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வந்தாக வேண்டும்.

ஆய்வுத் தலைப்பில்தான் பலருடைய ஆண்டுகள் வீணாகின்றன. கிரேக்கத்தில் தொல்பொருள் எல்லாம் அரசுடைமை. 2002ஆம் ஆண்டின் 3028 எண் சட்டம்தான் இன்றைய அடிப்படை. வெளிநாட்டவர் ஏதென்ஸில் தங்கள் நாட்டுக்கு உள்ள தொல்லியல் ஆய்வு நிறுவனம் வழியாகத்தான் அனுமதி கேட்க முடியும். அதைப் 'பள்ளி' என்பார்கள். பிரெஞ்சுப் பள்ளி 1846இலும், அமெரிக்கப் பள்ளி 1881இலும், பிரிட்டிஷ் பள்ளி 1886இலும் தொடங்கியவை. கொரிந்தில் 1896 முதலும் அகோராவில் 1931 முதலும் தோண்டி வருவது அமெரிக்கப் பள்ளி. இந்தியாவுக்கு அப்படி ஒரு பள்ளி இல்லாததால் நீங்கள் சேரும் பல்கலைக்கழகம் எந்தப் பள்ளியோடு இணைந்தது என்று முதலிலேயே பாருங்கள். தோண்டியவருக்குத்தான் வெளியிடும் உரிமை. புல்லுக்குள் கிடக்கும் கோயில் யாருமில்லாததுபோலத் தோன்றும், ஆனால் அதற்கு உரிமையாளர் இருப்பார். அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வட்டாரத் தொல்லியல் அலுவலக அனுமதியும் கைக்கு வராமல் தலைப்பைப் பதிவு செய்யாதீர்கள். கல்லைப் புரட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். புரட்டாவிட்டால் கீழ்ப்படுகை தெரியாது. இந்திய பாஸ்போர்ட்டில் குறுகிய கால விசா என்றால் ஷெங்கன் பகுதியில் 180 நாளில் 90 நாள்தான். நீண்ட களப்பணிக்குத் தேசிய விசா எடுத்தாக வேண்டும்.

அனுமதிச் சிக்கல் குறைவான தலைப்புகளும் உண்டு. கூரை ஓடுகள், சுடுமண் அலங்காரங்கள், வீடுகள். வட கிரேக்கத்தின் பண்டைய நகரமான ஒலிந்தஸில் 1928 முதல் 1938 வரை நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைத் தோண்டி வெளியிட்டிருக்கிறார்கள். வெளிவந்த அந்தத் தரவை வைத்தே நல்ல ஆய்வேடுகள் எழுத முடிகிறது. எல்லோரும் கோயில் பின்னால் ஓடுவதால் இவற்றில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

வேலைவாய்ப்பு பற்றி மழுப்பாமல் சொல்கிறேன்: கிரேக்கக் கட்டடக்கலைக்கென்றே பேராசிரியர் பதவி விளம்பரம் அபூர்வம். பெரும்பாலும் கிரேக்கத் தொல்லியல், அல்லது மத்தியதரைக் கடல் பகுதிக் கலை வரலாறு என்றுதான் வரும். ரோமானியக் கலையும் தொடக்க நிலை லத்தீனும் சேர்த்து நடத்தத் தெரிந்தவருக்கே முன்னுரிமை. முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்த வேலைகளில் ஊர் மாறிக்கொண்டே பல ஆண்டுகள் போகும். நிரந்தர வேலை கிடைக்காமலே வெளியேறுபவர்களும் நிறைய. எனவே கட்டடக்கலைஞர் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். பாதுகாப்புப் பணி, லேசர் ஸ்கேனிங், அருங்காட்சியகம் ஆகிய மூன்றிலும் அதற்கு மதிப்பு உண்டு. களத்திலும் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது: வெறும் மாணவராகப் போனால் பல அகழாய்வுகளில் கட்டணம் கட்டச் சொல்வார்கள், கல்லை ஒழுங்காக வரையத் தெரிந்தவருக்கு உணவும் தங்குமிடமும் பெரும்பாலும் கிடைத்துவிடும், சில இடங்களில் விமான டிக்கெட்டும்கூட. வரைபவருக்கு எல்லா இடத்திலும் பற்றாக்குறை.

நான்காம் ஆண்டிலிருக்கும் நீங்கள் இப்போதே தொடங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பண்டைய கிரேக்கத்தின் முதல் பாடநூலை எடுத்து நாளுக்கு ஒரு மணி நேரம். இன்னொன்று, உங்கள் ஊரில் சிதைந்த கல்மண்டபம் ஏதாவது இருந்தால் உரியவரிடம் அனுமதி வாங்கி, பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் தொல்லியல் துறையிடம் எழுதிக் கேட்டு, கீழே விழுந்து கிடக்கும் கற்களில் ஐந்தை மட்டும் 1:10இல் எல்லா முகங்களோடும் வரையுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எது அளந்தது, எது ஊகித்தது என்று தனித்தனியாக எழுதுங்கள். ஊகித்த கோட்டைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். விண்ணப்பத்தோடு அனுப்பும் போர்ட்ஃபோலியோவில் பளபளக்கும் ரெண்டரிங் பத்துப் பக்கத்தை எடுத்துவிட்டு இந்த ஐந்து தாளை முன்னால் வையுங்கள்.